உன் அம்மாவின் பெயருக்கு நான் கேட்ட விலை

தம்பி,

உன் கலியாணத்துக்கு முந்தின கிழமை நீ கடைக்கு வந்து அம்மாவின் பெயரைக் கேட்டாய். தர மாட்டேன் என்று உன்னை வெளியே அனுப்பினேன். நடந்தது இவ்வளவுதான். பெயர் உனக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்த திகதியும் ஊரும்கூட உனக்குத் தெரியும். நீ கேட்டது என் சம்மதத்தை. உங்கள் மோர்மன் சபையில், இறந்துபோன ஒருவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கலாம். அதன் பிறகு கணவனையும் மனைவியையும் பிள்ளையையும் என்றைக்கும் பிரியாதபடி சேர்த்து முத்திரையிடலாம். ஜெர்மனில் அதை 'சீகலுங்' என்கிறீர்கள். கணவன் உயிரோடிருந்தால் அவனைக் கேட்காமல் இறந்தவளின் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று ஓர் ஒழுங்கும் இருக்கிறதாம். அதனால்தான் வந்தாய். இந்தக் கடிதம் அதற்கான பதில். நீளமாகத்தான் இருக்கும். கலியாணத்துக்கு முன்னால் தகப்பன் சொல்ல வேண்டிய புத்தி எதையும் நான் உனக்குச் சொல்லவில்லை; அதையும் இதற்குள்ளேயே போட்டுவிடுகிறேன். முத்திரைச் செலவு ஒன்றுதானே.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான். கொழும்பில் கடை எரிந்ததற்கு அடுத்த வருடம் நீயும் நானும் இங்கே சுவிசுக்கு வந்து அகதி விடுதியில் கிடந்தோமே, அப்போது வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். நல்ல ஜெர்மன் பேசினார்கள். சொல்லித் தருவதற்குக் காசு வேண்டாம் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "அண்ணை, உவங்கள் மதம் மாத்த வந்தவங்கள். உள்ளுக்கு விடாதேங்கோ" என்றார். "ஜெர்மன் வருமோ வராதோ, அதைச் சொல்லும். நாங்கள் வேண்டாட்டி அவங்கள் மதத்தை ஆருக்கு விக்கிறது?" என்று கேட்டேன். வியாபாரி போட்ட கணக்கு அது. கணக்கில் பிழையில்லை. வாங்கப்போகிறவன் நானில்லை, பக்கத்தில் கொப்பியோடு இருந்த நீ என்பதை மட்டும் மறந்துபோனேன். ஆனால் உன் ஜெர்மனைக் கேட்டுப் பேர்ண் அலுவலகங்களில் இன்றைக்கும் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்கு நான் அந்தப் பெடியன்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிறகு, நீ கட்டப்போகும் சபைப் பெண்ணாக ருத் வந்தாள். இளவேனிலில் அவளுடைய தாயும் தகப்பனும் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் சமையலறைக்குள் நான் எப்படி நின்றேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. கடையில் இருந்ததிலேயே நல்ல தேயிலையாகப் பார்த்து, இஞ்சி தட்டிப் போட்டு, பால் விட்டு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். உன் மாமனார் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். மாமியார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேண்டாமாம். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுக்கும் தண்ணீரைத் தொடாமல் விட்டால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அந்தப் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். சில வீடுகளின் வாசலில் நின்று "இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கே திரும்பி வந்தது என்று நினைத்தேன். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ பின்னால் வந்தாய்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"உன்ரை மாமனாருக்கு எங்கட வீட்டுத் தண்ணி தொண்டைக்குள்ள இறங்காதாமோ? நாங்கள் என்ன குறைஞ்ச ஆக்களோ?"

"ஐயோ அப்பா! அவை தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் குடிக்க மாட்டினம். ஆற்றை வீட்டிலையும் குடிக்க மாட்டினம். சபையிலை விலக்கு. நானும் விட்டு ரெண்டு வருசம்."

"நீயுமோ? அப்ப காலமையிலை நான் போட்டுத் தாறது?"

நீ யன்னல் பக்கம் பார்த்தாய். அங்கே சாடியில் நின்ற கறிவேப்பிலைக் கன்று ஏன் பட்டுப்போனது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு மல்லியும் இஞ்சியும் போட்டுச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மாமனார் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார். இதில் உனக்கு ஒரு புத்தி இருக்கிறது. ஒருவர் 'வேண்டாம்' என்றால் உன்னைத்தான் வேண்டாம் என்கிறார் என்று உடனே எடுத்துக்கொள்ளாதே. ஏன் என்று கேள். கலியாணம் முடித்தவனுக்கு இந்தப் புத்தி நாளைக்கு நான்கு தரம் தேவைப்படும். சொல்லுகிற நானே அதைக் காப்பாற்றவில்லை. ஆவணிக் கடைசியில் நீ அம்மாவின் பெயரைக் கேட்டு வந்தபோது நான் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்பா, அம்மாவுக்கும் செய்விக்க வேணும். நீங்கள் ஓம் எண்டாத்தான் ஏலும்" என்றாய்.

"செத்தவளையும் விடமாட்டியளோ? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போன மனுசியை வேதக்காரியாக்கப் போறாய்!"

"மாத்திறதில்லையப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ…"

"ஒண்டும் கேக்கேல்லை. கடையை விட்டு வெளியாலை போ."

எம்மன்புரூக்கேயிலிருந்து சாமான் வாங்க வந்திருந்த பிள்ளை ஒருத்தி கையிலிருந்த கத்தரிக்காயைச் சத்தமில்லாமல் பெட்டியில் திருப்பி வைத்தாள். நீ வாசலில் நின்று ஒன்று சொன்னாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "கொள்ளியும் நான் வைக்கேல்லை. இதையாவது செய்ய விடுங்கோ." கதவு மணி அடித்தது. நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து அந்த வசனத்தோடுதான் கடை திறக்கிறேன், பூட்டுகிறேன். உன் அம்மா யாழ்ப்பாணத்தில் கண் மூடியபோது நாம் இங்கே துன் நகரில் இருந்தோம். நான் அந்த ஏரிக்கரை ஹோட்டலில் கோப்பை கழுவினேன். நீ கிழங்கு சீவினாய். விசா வழக்கு முடியாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. கொழும்பிலிருந்து உன் பெரியப்பா தொலைபேசி எடுத்துச் செய்தி சொன்னபோது எல்லாம் முடிந்து நான்கு நாளாகிவிட்டது. போகலாமா விடலாமா என்று யோசிக்கும் பாரம்கூட நமக்கு இருக்கவில்லை. ஒரே மகன் நீ. கொள்ளியை உன் சித்தப்பாவின் மகன் வைத்துவிட்டான். நீ திரும்பிப் போய்க் கிழங்கு சீவினாய். சமையற்காரர் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை சீவிக்கொண்டே இருந்தாய். ஆம்பிளைப் பிள்ளை, தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அதைப் பற்றி உன்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை. நான் கதைக்காத இடத்தில் அந்தப் பெடியன்கள் வந்து உட்கார்ந்து, "உன் தாயைத் திரும்பக் காண்பாய், அவருக்காக நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்காமல் என்ன செய்வாய்? அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

இனிக் கலியாண நாள். வெள்ளிக்கிழமை நகரசபையில் பதிவு நடந்தபோது நான் உன் பக்கத்தில் நின்றேன். மறுநாள் பேர்ணுக்கு வெளியே உங்கள் ஆலயத்தில் முத்திரையிடும் சடங்கு. சபையில் சேர்ந்து, ஒழுக்கத்துக்குச் சாட்சிச் சீட்டுப் பெற்றவர்கள்தான் அதற்குள் போகலாம். பெற்ற தகப்பன் புல்தரையில் நிற்க வேண்டும். முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிப்போனாய், குறையில்லை. ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, கதவு சாத்துவதைப் பார்ப்பது வேறு. பட்டு வேட்டியோடு நின்ற எனக்குப் பக்கத்தில் ருத்தின் தாய்மாமன் வந்து நின்றார். எம்மென்டால் பக்கத்து மாட்டு வியாபாரி, வாயில் சுருட்டு. இளவயதிலேயே சபையை விட்டு விலகியவர். அவருடைய ஜெர்மனை நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"உம்மையும் உள்ளுக்கு விடேல்லையோ?" என்று கேட்டேன்.

"அக்காவின்ரை கலியாணத்துக்கும் இஞ்சைதான் நிண்டனான். மூத்த மருமகளுக்கும் இஞ்சைதான். இந்த மரம் என்ரை இடுப்பளவு நிக்கேக்கை இருந்து எனக்குத் தெரியும்" என்று ஒரு சுருட்டை நீட்டினார். நம் ஊர்ச் சுருட்டுக்குக் கிட்டவும் வராது. இருந்தாலும் வாங்கிப் பற்றவைத்தேன்.

"முத்திரை, முத்திரை எண்டு சொல்லுகினம். உது எங்கையிருந்து வந்த சொல்?"

விலகியவர் என்றாலும் அவர் குறை சொல்லவில்லை. ஒரு மாட்டின் வமிசத்தைச் சொல்வதுபோல அடியிலிருந்து சொன்னார். பூமியில் நீ கட்டுவது பரலோகத்திலும் கட்டப்பட்டிருக்கும் என்று யேசு தன் சீடனுக்குச் சொன்னதாக பைபிளில் இருக்கிறதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அவர்களுடைய முதல் தீர்க்கதரிசி அதைப் பிடித்துக்கொண்டார். ஆரம்பத்தில் முத்திரை என்றால் ஓர் ஆளுக்குச் சொல்லும் ஆசீர்வாதம். உனக்கு மோட்சம் உறுதி என்று அடையாளம் வைப்பது. பிறகுதான் அது கலியாணத்துக்கு வந்தது. 'மரணம் பிரிக்கும்வரை' என்ற வாசகத்தை வெட்டிவிட்டு 'என்றென்றைக்கும்' என்று போட்டார்கள்.

"அதுக்குப் பிறகு ஒரு பகிடி நடந்தது. கன சனம் சொந்தத் தேப்பனோடை முத்திரை போடேல்லை. சபையிலை ஆர் பெரிய ஆளோ, அவருக்கு மகன் எண்டு போட்டுக்கொண்டுதுகள். மேலை நல்ல இடம் கிடைக்கும் எண்டு."

நான் சிரித்துவிட்டேன். "உது எங்கட ஆக்களுக்கும் தெரிஞ்ச வித்தைதான்" என்றேன்.

"எங்கையும் அப்பிடித்தான். பிறகு தலைவர் ஒருத்தர் வந்து, காணும் நிப்பாட்டுங்கோ, அவனவன் தன்ரை தேப்பன் தாயோடை கட்டட்டும், அவை தங்கட தேப்பன் தாயோடை கட்டட்டும், தேட ஏலுமான மட்டும் தேடுங்கோ எண்டு சொல்லிப்போட்டார். அண்டையிலிருந்துதான் உலகம் முழுக்கப் பேர் தேடித் திரியினம். பழைய பதிவேடுகளைப் படம் பிடிச்சு, ஒரு மலையைக் குடைஞ்சு உள்ளுக்கு வைச்சிருக்கினம்."

சுருட்டு என் விரலில் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. நீ பெயர் கேட்டது யாரோ ஒரு பெரிய மனிதனின் பட்டியலுக்கு ஆள் சேர்ப்பதற்கு என்று நினைத்திருந்தேன். அதற்கு நேர் எதிரானது அது. பெரிய ஆள் வேண்டாம், என் தாய்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய்.

"செத்தவை வேண்டாம் எண்டால்?" என்று கேட்டேன்.

"வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். அது இவையின்ரை போதனையிலேயே கிடக்கு. வாசல் மட்டும் கொண்டுபோய் வைக்கலாம். கதவைத் திறக்கிறது வீட்டுக்காரியின்ரை விருப்பம்."

எனக்கு உடனே சேலைகள் நினைவுக்கு வந்தன. கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் தைப்பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று நான் உன் அம்மாவுக்குச் சேலை எடுத்து அனுப்புவேன். அவள் கரையைப் பார்ப்பாள், முந்தானையைப் பார்ப்பாள், மடித்துக் கட்டி அடுத்த லொறியில் திருப்பி அனுப்புவாள். ஒரு சொல் எழுதமாட்டாள். லொறிக்காரன் சிரித்துக்கொண்டே இறக்குவான்: "முதலாளி, சாமான் ரிட்டர்ன்." சந்தையில் எத்தனையோ பேரை மடக்கியவன் நான், அவளுக்குப் பிடிக்காத ஒரு துணியைக்கூட அவளை எடுக்கவைக்க முடியவில்லை. அப்படிப்பட்டவளை அவள் விருப்பமில்லாமல் நீயும் உன் சபையும் மாற்றிவிடுவீர்கள் என்று நான் பயந்திருக்கிறேன். அவளை மறந்துவிட்டுத்தானே அப்படிப் பயந்தேன்?

நீங்கள் இருவரும் வெளியே வந்தீர்கள். ருத் வெள்ளை உடையில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

"ரெண்டு பக்கச் சுவரிலையும் பெரிய கண்ணாடி, அப்பா. நேருக்கு நேர். அதுக்குள்ள நாங்கள் முடிவில்லாமல் தெரிஞ்சனாங்கள்."

"அதுக்குள்ள நான் தெரிஞ்சனானோ?"

குத்திக் கேட்டேன். நீ கோபிக்கவில்லை. "தேடிப் பாத்தனான்" என்றாய்.

ஒரு வியாபாரி முத்திரையைப் பற்றி அறிந்ததையும் கேட்டுக்கொள். அரிசிக் கொள்கலன் பாசல் துறைமுகத்துக்கு வரும்போது கதவில் ஈயமுத்திரை இருக்கும். சுங்கக்காரர் குறட்டால் வெட்டித் திறப்பார். முத்திரை உடையாமல் இருந்தால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான். உள்ளே அரிசி நன்றாக இருக்கிறது என்று அது சொல்லாது. ஒருமுறை முத்திரை அப்படியே இருந்தது, உள்ளே மூட்டைக்கு மூட்டை வண்டு. காற்றுப் படாமல், வெயில் படாமல், யாரும் திறந்து பார்க்காமல் கிடந்தால் அப்படித்தான் ஆகும். உனக்கும் ருத்துக்கும் என்றைக்குமான முத்திரை விழுந்துவிட்டது. நல்லது. ஆனால் நாள்தோறும் திறந்து பாருங்கள். கோபத்தை, காசுக் கணக்கை, தாய் நினைவை எல்லாம் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். நானும் நீயும் அம்மாவின் சாவைப் பூட்டி வைத்த மாதிரி எதையும் பூட்டி வைக்காதீர்கள்.

இறந்தவருக்காக இருப்பவர் செய்யலாம் என்பதில் உன் சபைக்கும் எனக்கும் வழக்கில்லை. முழுநிலா நாளான சித்திரைப் பறுவத்தில் தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, அவள் பெயரைச் சொல்லிப் படைப்பது எதற்காக? அவளிடம் போய்ச் சேரும் என்றுதானே. நீ இந்தக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்ததிலிருந்து அந்த விரதத்தை விட்டுவிட்டாய். நான் கேட்கவுமில்லை. பெண்சாதிக்குப் புருசன் பிடிக்கிற விரதமல்ல அது, பிள்ளை பிடிப்பது. அதனால் இந்த வீட்டில் அவளுக்கு அந்த நாள் வெறும் நாளாகவே போய்விட்டது.

என்னைத் தடுத்தது கடைசியில் ஒன்றுதான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் நீ அனுப்புவதை எடுத்துக்கொண்டால்? சேலைகளில் ஒன்றே ஒன்றை அவள் திருப்பி அனுப்பவில்லை, நீ பிறந்த வருடம் எடுத்தது. மகன் அனுப்பியது என்று இதையும் எடுத்துக்கொண்டுவிட்டால் அவள் உள்ளே போய்விடுவாள். அங்கேயும் ஒரு புல்தரையில், வேட்டியோடு, நான் வெளியே நிற்க வேண்டி வருமோ என்று பயந்தேன். உன் அம்மாவைக் காப்பதாகச் சொல்லி என்னைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் எழுதி, விலை மட்டும் எழுதாமல் வைத்திருந்தபோது ருத் கடைக்கு வந்தாள். நீ அனுப்பவில்லை என்றாள். மல்லித்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். ஞானஸ்நானத்தில் அம்மாவுக்குப் பதிலாகத் தண்ணீரில் இறங்குவது ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஆர் இறங்குறது?" என்று கேட்டேன்.

"நான், மாமா."

"என்ரை மனுசிக்குத் தண்ணியெண்டாப் பயம். கீரிமலைக் கேணியிலையும் படியிலை நிண்டு செம்பாலை அள்ளித்தான் வார்ப்பா. தண்ணி குளிரோ?"

"சூடு. சின்னச் சூடு." பிறகு தமிழில் சொல் கிடைக்காமல் ஜெர்மனில் சொன்னாள்: "நான் கண்ணை மூடமாட்டேன், அவருக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்கிறேன்."

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாட்டு வியாபாரியின் மருமகள் அல்லவா, ஒன்றைப் பேரம் பேசிக் கூட்டினாள். பிறகு கையை நீட்டினாள். எம்மென்டாலில் கை குலுக்கினால் எழுத்துத் தேவையில்லையாம். குலுக்கிவிட்டோம். உனக்குத் தெரிவதற்காக எழுதுகிறேன்.

அம்மாவின் பெயரை நீ கொடுக்கலாம். அவளுக்காக ருத் மட்டும்தான் தண்ணீரில் இறங்குவாள், வேறு யாருமில்லை. ஒவ்வொரு சித்திரைப் பறுவத்துக்கும் நீ விரதமிருந்து, என் வீட்டில் அவள் படத்துக்கு முன்னால் படைப்பாய். ருத் சேர்த்த நிபந்தனைப்படி சமையலை அவளுக்கு நான் பழக்க வேண்டும். நான் இருக்கும்வரை என்னைச் சபைக்குக் கூப்பிடுவதில்லை. நான் போன பிறகு என் பெயரை அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுது. அவள் எடுத்திருந்தால் நானும் எடுத்தேன்; அவள் திருப்பியிருந்தால் என்னுடையதும் ரிட்டர்ன்.